இரண்டு பூட்டு, மூன்று காப்பு

அம்மன் கையில் ஏற்கெனவே காப்பு கட்டியிருந்தது.

திரையை விலக்கிய பூசாரி அப்படியே நின்றுவிட்டார். தட்டில் கற்பூரம் தன் பாட்டுக்கு எரிந்து முடிந்து புகைந்தது. மஞ்சள் தோய்த்த கயிறு, நடுவில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு. எல்லாம் முறைப்படிதான் இருந்தது. கட்டியது மட்டும் அவர் இல்லை.

"என்னா பூசாரி, நல்ல நேரம் போய்க்கிட்டு இருக்கு. கட்டுங்க லா," என்றார் கார்த்திகேசு. பழைய கமிட்டித் தலைவர்.

"அவசரப்படுத்துறதுக்கு இவரு யாரு? பூசாரிக்குத் தெரியாதா?" என்றார் தனேஸ்வரன். புதிய கமிட்டித் தலைவர். அவர் பூசாரியைப் பார்த்துப் பேசவில்லை, கார்த்திகேசுவைப் பார்த்தும் பேசவில்லை. தூணைப் பார்த்துப் பேசினார். மூன்று வருஷமாக இருவரும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தத் தூணிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பூசாரி திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"யாரோ உள்ள போயிருக்காங்க. காப்பு கட்டியாச்சு."

அடுத்த நொடி கோயிலே அதிர்ந்தது.

உள்ளே போவதற்கு வழியே கிடையாது. அதுதான் விஷயம். கருவறைக்கு முன்னால் கம்பிக் கதவு. கதவில் சங்கிலி. சங்கிலியில் இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி கார்த்திகேசுவின் இடுப்பில். மற்றதன் சாவி தனேஸ்வரனின் கழுத்தில். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். வாரநாள்களில் பூசாரி வெளியே நின்று கம்பிச் சந்து வழியாகச் சூடம் காட்டிவிட்டுப் போய்விடுவார். நேற்று சனிக்கிழமை மாலை, துப்புரவு வேலை முடிந்ததும் எல்லார் கண்ணெதிரிலும் பூட்டினார்கள். இன்று காலை எல்லார் கண்ணெதிரிலும் திறந்தார்கள்.

"இது அவனுங்க வேல!" என்று இடது பக்கக் கூடாரத்திலிருந்து ஒரு குரல்.

"எவனுங்க? சொல்லு லா, பேரச் சொல்லு!" என்று வலது பக்கக் கூடாரத்திலிருந்து இன்னொரு குரல்.

ஆமாம், கூடாரமும் இரண்டு. ஸ்பீக்கரும் இரண்டு. இரண்டிலும் வேறு வேறு பக்திப் பாட்டு ஒரே நேரத்தில் அலறிக்கொண்டிருந்தது.

கார்த்திகேசுவின் மனைவி புஷ்பலதா கண்ணை மூடி, நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டாள். கடவுளே, ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம் ஒழுங்காகத் திருவிழா நடக்கக் கூடாதா?

பீடோர் ஊரைத் தாண்டி உள்ளே, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் நின்றது அந்தக் கோயில். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் மரங்கள் நின்ற கித்தாத் தோட்டம். கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டார்கள், தொழிலாளர் லயங்களை இடித்தார்கள், சனங்கள் ஈப்போ நகருக்குப் போய்ச் சிலிபின் பகுதியில் வாடகைக்குக் குடியேறினார்கள். தோட்டத்தில் பாக்கி நின்றது கோயில் ஒன்றுதான். வருஷத்துக்கு ஒரு தடவை கார் பிடித்து வந்து கூடுகிறார்கள். கூடியதும் சண்டை போடுகிறார்கள்.

சண்டையின் காரணத்தை வெளியாள் யாரிடமும் சொல்ல முடியாது. புஷ்பலதா வேலை செய்யும் கிளினிக்கில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். கேட்ட நர்ஸ் சிரித்து முடிக்கவே நேரமாகிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் திருவிழா பேனரில் தனேஸ்வரன் படம் மேலே வந்துவிட்டது. கார்த்திகேசு படம் கீழே. அதுவும் தனேஸ்வரனின் மாலை கார்த்திகேசுவின் பாதி மீசையை மறைத்துக்கொண்டு.

அவ்வளவுதான்.

அந்தப் பாதி மீசைக்காக இரண்டு கமிட்டி, இரண்டு பூட்டு, இரண்டு வாட்ஸ்அப் குழு. ஒன்றின் பெயர் 'கோயில் குடும்பம்'. மற்றதன் பெயர் 'கோயில் குடும்பம் ஒரிஜினல்'. இந்த வருஷம் அதற்கும் மேலே போய், இரண்டு திருவிழா என்று முடிவாகியிருந்தது. காலையில் பழைய கமிட்டிக்குக் காப்பு, மாலையில் புதிய கமிட்டிக்குக் காப்பு.

இதெல்லாம் போகட்டும் என்று புஷ்பலதா விட்டிருப்பாள். விட முடியாதபடி ஒன்று இருந்தது. அவள் மகள் தினேஸ்வரி.

பத்து வயது. தனேஸ்வரன் மகன் யுகேந்திரனும் அதே வயது, அதே வகுப்பு. சிலிபினில் இரண்டு வீடும் ஒரே வரிசை. ஒன்றாம் ஆண்டிலிருந்து ஒரே பெஞ்சு. ஒரு அழிப்பானை வாங்கினால் நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்கிற கூட்டாளிகள். பள்ளி வேன் ஓட்டுவது யுகேந்திரனின் அம்மா கலாதேவி. போன மாதம் கார்த்திகேசு திடீரென்று, "அவன் வீட்டு வேன்ல என் புள்ள ஏறாது," என்று அறிவித்தார். அந்தப் பள்ளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறு வேன் கிடையாது. மோட்டார் சைக்கிளில் தானே கொண்டுபோய் விட்டார். வேலை பார்க்கும் டயர் கடைக்குத் தினமும் தாமதம். முதலாளி கத்தினார். கடைசியில், கடைக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேறு பள்ளிக்கு மகளை மாற்றிவிட்டார்.

நாளை திங்கட்கிழமை. புதுப் பள்ளியில் முதல் நாள்.

தினேஸ்வரி அழவில்லை. சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். புதுச் சீருடையை மடித்து வைத்தாள். அதுதான் புஷ்பலதாவைப் பயமுறுத்தியது. ஒரு பாக்கெட் மிட்டாய்க்கே தரையில் உருளும் பிள்ளை அது.

"பாலாய் போலிஸ் போலாம்! ரிப்போட் கொடுப்போம்!" கார்த்திகேசு கத்தினார். "கோயில ஒடச்சி உள்ள போயிருக்கானுங்க!"

"நாங்களும் கொடுப்போம்! சாவி யாருகிட்ட இருந்துச்சின்னு போலிஸ் கேக்கட்டும்!" தனேஸ்வரன் தூணிடம் கத்தினார்.

"கேமராவப் பாரு லா, கேமரா இருக்குல்ல?"

"இருக்கு. வயரத்தான் போன வருஷமே நீங்க புடுங்கிட்டீங்களே!"

"எங்க கமிட்டி கரண்ட்டுல உங்க கமிட்டி கேமராவா?"

யாரோ ஓர் அண்ணன் கத்தரிக்கோலோடு முன்னால் வந்தார். "சண்ட எதுக்கு? அத அறுத்துப் போட்டுட்டு புதுசா கட்டுங்க."

"அறுக்கவா?" பூசாரி பாய்ந்து வழிமறித்தார். "அம்மன் கையில ஏறுன காப்ப அறுக்குறதா? திருவிழா தொடங்கியாச்சு, அண்ணே. யாரு கட்டுனாலும் கட்டுனது கட்டுனதுதான். முடியுற வரைக்கும் இன்னொரு காப்பு இங்க கெடையாது. காலைல உள்ளதும் கெடையாது, சாயங்காலம் உள்ளதும் கெடையாது."

இரண்டு கூடாரமும் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்தன.

கத்தரிக்கோல் அண்ணன் பின்வாங்கியதில் கூட்டம் விலக, புஷ்பலதாவுக்கு முதல் தடவையாக அம்மனின் கை தெளிவாகத் தெரிந்தது.

அந்த முடிச்சு!

பட்டாம்பூச்சி போல இரண்டு காது. காதுகளை மடித்து மறுபடியும் ஒரு முடிச்சு. சப்பாத்துக் கயிறு கட்டும் முடிச்சு. ஓடும்போது அவிழக் கூடாது என்று, பள்ளி சேர்ந்த வருஷம், வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, அவளே மகளுக்குச் சொல்லிக் கொடுத்தது.

சட்டென்று நேற்றிரவு ஞாபகம் வந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்துல் ஹலீம் கடையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். வழக்கமாகக் கோழியும் முட்டையும் போட்ட மீ கோரேங் கேட்கும் தினேஸ்வரி, "அங்கிள், கோழி வேணாம். முட்டையும் வேணாம். கரண்டியக் கழுவிட்டுப் போடுங்க," என்றாள். ஹலீம் அண்ணனே சிரித்துவிட்டார். "என்னாம்மா, சாமியாராயிட்டியா?" அந்தப் புழுக்கத்திலும் கை நீண்ட சட்டை. படுக்கும்போதும் கழற்றவில்லை. காய்ச்சலோ என்று புஷ்பலதா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

இப்போது அவளுக்குத்தான் காய்ச்சல் வரும் போலிருந்தது.

திரும்பினாள். மகள் பக்கத்தில் இல்லை.

கோயிலுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி மறைவில் இருந்தார்கள் இரண்டு பேரும். யுகேந்திரன் ஒரு குச்சியால் எறும்பு வரிசையைத் திசை திருப்பிக்கொண்டிருந்தான். பள்ளியில் மாணவர் கண்காணிப்பாளனாகப் போடும் சட்டையைத் திருவிழாவுக்கும் போட்டுவந்திருந்தான். அதற்கும் கை நீளம்.

"கையக் காட்டு," என்றாள் புஷ்பலதா.

"எதுக்கும்மா?"

"ரெண்டு பேரும். காட்டுங்க."

சட்டைக் கைகள் மெதுவாக மேலே ஏறின. இரண்டு மஞ்சள் கயிறு. இரண்டிலும் பட்டாம்பூச்சி.

"ஐயோ!" புஷ்பலதா தொட்டித் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். "எப்படி உள்ள போனீங்க?"

"சங்கிலி லூசா இருக்கு, ஆன்டி," என்றான் யுகேந்திரன், ஒரு சாதாரணத் தகவலைச் சொல்வது போல. "ரெண்டு பூட்டு போடணும்னு நீளச் சங்கிலி வாங்கிட்டாங்க. கதவத் தள்ளுனா இவ்வளவு சந்து வரும். நேத்து எல்லாரும் கூடாரத்துக்குச் சண்ட போட்டாங்கள்ல, அப்ப போனோம்."

"கருவறைக்குள்ள போலாமாடா? அது யாரும் போகாத எடம்!"

"கால் கழுவிட்டுத்தாம்மா போனோம்," என்றாள் தினேஸ்வரி. "அம்மனுக்கு மொதல்ல கட்டுனோம். அதுதான் முறை. அப்புறம் நாங்க கட்டிக்கிட்டோம்."

"எதுக்குடி?"

மகள் அவளைப் பார்த்த பார்வையில், இதுகூடத் தெரியாதா என்ற கேள்வி இருந்தது.

"போன வருஷம் பூசாரி தாத்தா மைக்ல சொன்னாருல்ல. முன்ன காலத்துல காப்பு கட்டுனவங்க தோட்டத்து எல்லையத் தாண்டக் கூடாது. இப்ப எல்லாரும் ஈப்போவுல இருக்கோம், அதனால வீட்டுக்குப் போலாம், வேலைக்குப் போலாம், தெனம் போற எடத்துக்குப் போலாம். புது எடத்துல கால் வைக்கக் கூடாது. புதுசா ஒண்ணும் தொடங்கக் கூடாது."

"அதனால?"

"புது ஸ்கூல் புது எடம் தானே, ஆன்டி?" என்றான் யுகேந்திரன்.

புஷ்பலதாவுக்குத் திட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் அத்தனை பெரியவர்கள் நின்று கேட்ட ஒரு மைக் பேச்சை முழுதாகக் கேட்டு, அப்படியே எடுத்துக்கொண்டவை இந்த இரண்டு மட்டும்தான்.

உள்ளே கூச்சல் உச்சத்துக்குப் போயிருந்தது. "ஏறுங்க கார்ல! நேரா போலிஸ் ஸ்டேஷன்!" கார்த்திகேசுவின் குரல்.

தினேஸ்வரியின் முகம் மாறியது. "அம்மா, போலிஸ் அப்பாவப் புடிச்சிடுமா?"

புஷ்பலதா பதில் சொல்வதற்குள் யுகேந்திரன் ஓட ஆரம்பித்துவிட்டான். தினேஸ்வரியும் பின்னாலேயே ஓடினாள். கூட்டத்தின் கால்களுக்கிடையில் புகுந்து, இரண்டும் கம்பிக் கதவின் முன்னால் போய் நின்றன.

"அங்கிள், சண்ட போடாதீங்க. நாங்கதான் கட்டுனோம்," என்றான் யுகேந்திரன்.

கைகளை உயர்த்திக் காட்டினார்கள்.

புஷ்பலதா பெல்ட் உருவும் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தாள். கன்னத்தில் அறை விழும் என்று எதிர்பார்த்தாள். அடுத்து நடந்ததை மட்டும் எதிர்பார்க்கவில்லை.

"யாரு மொதல்ல கட்டுனது?" என்றார் கார்த்திகேசு.

"ஆங்?" என்றாள் தினேஸ்வரி.

"அம்மனுக்கு யாரு கட்டுனது? உன் முடிச்சு தானே அது? என் பொண்ணு தானே மொதல்ல கட்டுச்சு?" அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. "பாத்துக்குங்க! பழைய கமிட்டி காப்புதான் ஏறியிருக்கு! அம்மனே என் புள்ள கைய எடுத்துக்கிட்டா!"

"இரு, இரு!" தனேஸ்வரன் தூணை விட்டுவிட்டு நேராகவே வந்துவிட்டார். "டேய் யுகன், அம்மன் கையத் தூக்கிப் புடிச்சது யாரு?"

"நான் கயிறப் புடிச்சேன்ப்பா. அவ முடிச்சு போட்டா."

"கேட்டீங்களா? கயிறு புதிய கமிட்டி!"

"கயிறு யாரு வேணும்னாலும் புடிக்கலாம். முடிச்சு தான் காப்பு!"

"கயிறு இல்லாம முடிச்சு எங்கருந்து வரும், ஹா?"

"உங்க ரெண்டு பேருல யாரு கையில மொதல்ல ஏறுச்சு? அதச் சொல்லுங்க!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒண்ணா," என்றாள் தினேஸ்வரி. "ஒரு கையால கட்ட முடியல. அதனால அவன் பல்லால இழுத்தான். நானும் பல்லால இழுத்தேன்."

புஷ்பலதா கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்ற கலாதேவியைப் பார்த்தாள். வேன் சாவியை விரலில் சுற்றியபடி கலாதேவியும் இவளைப் பார்த்தாள். இருவரும் வெளியில் பேசிக்கொள்ளக் கூடாது என்பது கணவன்மார்களின் உத்தரவு. அதனால் வீட்டுப்பாடம் என்ன என்பதிலிருந்து வீட்டு எரிச்சல் என்ன என்பதுவரை வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்வார்கள். இப்போது கலாதேவி வானத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். எழுத்தில் வந்திருந்தால் அது மிக நீளமான செய்தியாக இருந்திருக்கும்.

"நிறுத்துங்க!" பூசாரி தட்டைக் கீழே வைத்தார். "இப்ப திருவிழா தொடங்கியாச்சு. காப்புக்காரங்க இந்த ரெண்டு புள்ளைங்கதான். சைவம். புது எடம் போகக் கூடாது. திருவிழா முடிஞ்சி நான் அவுத்து விடுற வரைக்கும் யாரும் அந்தக் கயிறுல கை வைக்கக் கூடாது."

கார்த்திகேசுவுக்கு அப்போதுதான் உறைத்தது. "நாளைக்குப் புது ஸ்கூல்! மாத்துறதுக்கு எல்லாம் பேசியாச்சு!"

"போக முடியாது."

"அப்ப என்னா, என் புள்ள அவன் வேன்லயே போவணுமா?"

"என் புள்ளயும் இவன் புள்ளகூட ஒட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்றார் தனேஸ்வரன். "திருவிழா எப்பதான் முடியும், பூசாரி?"

"கமிட்டி என்னைக்குன்னு சொல்லுதோ அன்னைக்கு. பொங்கல் வச்சு, கரகம் எறக்கி, காப்பு அவுக்கணும்."

இரண்டு தலைவர்களும் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் கண்ணை ஒருவர் நேராகப் பார்த்தார்கள்.

"ஒரே திருவிழாவா நடத்திடுவோமா?" என்றார் கார்த்திகேசு.

"நடத்திடுவோம், மச்சான்."

"இன்னைக்கே?"

"இன்னைக்கே. சாயங்காலத்துக்குள்ள முடிச்சி, காப்ப அவுத்து விட்டுடுவோம். நாளைக்கு உன் புள்ள அந்த ஸ்கூல், என் புள்ள இந்த ஸ்கூல்."

கை குலுக்கினார்கள். கூட்டம் கைதட்டியது. யாரோ ஒரு ஸ்பீக்கரை அணைத்தார்கள். மூன்று வருஷமாக அம்மனும் பூசாரியும் நல்ல மனிதர்களும் சொல்லியும் வராத சமாதானம், இரண்டு பிள்ளைகளைப் பிரிப்பதற்காக ஒரே நிமிஷத்தில் வந்துவிட்டது.

தினேஸ்வரி மணிக்கட்டை மற்ற கையால் மூடிக்கொண்டாள். அழவில்லை. ஆனால் கீழுதடு பிதுங்கியது. யுகேந்திரன் சட்டைக் கையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டான். "பரவால்ல, தினா," என்றான் மெதுவாக. "மறைச்சி வச்சா பூசாரி தாத்தா மறந்துடுவாரு."

புஷ்பலதாவின் பொறுமை அங்கே அறுந்தது.

கத்தலாம். அழலாம். அதையெல்லாம் வீட்டில் மூன்று வருஷமாகச் செய்து பார்த்தாயிற்று. இவர்களுக்கு அது காதில் ஏறாது. காதில் ஏறக்கூடியது எது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் முன்னால் வந்தாள். முகத்தை அப்பாவி போல வைத்துக்கொண்டாள்.

"நல்ல விஷயம்ங்க. ஒரே திருவிழா. அப்ப பேனரும் ஒண்ணுதானே? பீடோருல கடை தெறந்துதான் இருக்கு, இப்பவே சொல்லிடலாம்." ஒரு சின்ன இடைவெளி விட்டாள். "யாரு படம் மேல போடச் சொல்லட்டும்?"

கை குலுக்கல் அப்படியே உறைந்தது.

"அது... பழைய கமிட்டிதானே மூத்தது," என்றார் கார்த்திகேசு.

"அந்தப் பேச்செல்லாம் இப்ப எதுக்கு மச்சான்? பதிவு உள்ள கமிட்டி எதுவோ அது."

"பக்கத்துல பக்கத்துல போட்டா?" என்றார் கத்தரிக்கோல் அண்ணன்.

"போடலாமே," என்றாள் கலாதேவி, கூட்டத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, தேன் ஒழுகும் குரலில். "யாரு வலது பக்கம், யாரு இடது பக்கம்?"

புஷ்பலதா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வலது பக்கம்னா தலைவர் பக்கம்!"

"யாரு சொன்னா?"

"எல்லா பேனர்லயும் அப்படித்தான் லா!"

"அன்னைக்கு என் மீசைய மறைச்சீங்களே, அது எந்தப் பக்கம்? சொல்லு!"

குலுக்கிய கைகள் பிரிந்தன. அணைத்த ஸ்பீக்கர் மறுபடியும் அலறியது. தனேஸ்வரன் தூணிடம் திரும்பிப் போய்விட்டார். "இவங்கள நம்பி எப்படித் திருவிழா நடத்துறது?" என்று அதைக் கேட்டார். பூசாரி கருவறை வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு வெற்றிலையை எடுத்து நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தார். இன்றைக்கு எதுவும் முடியப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வாங்க போலாம்," என்று புஷ்பலதா இரண்டு பிள்ளைகளின் கையையும் பிடித்தாள். "பசியாறணும். காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

கலாதேவி வேன் கதவைத் திறந்து வைத்திருந்தாள். தினேஸ்வரி ஏறாமல் நின்றாள்.

"இது தெனம் போற வேன்தானே, ஆன்டி?"

"ஏறு லா. சீட் பின்னால உன் பேரக் கீறி வச்சிருக்க, இப்ப கேள்வி கேக்குறா."

செம்பனைக்கு நடுவில் மண் சாலையில் குலுங்கி, பெரிய ரோட்டுக்கு வந்து, பீடோரில் கொய்யா விற்கும் கடைவரிசைக்கு முன்னால் வேன் நின்றது. பெண்கள் இறங்கினார்கள். பிள்ளைகள் இறங்கவில்லை.

"வாங்களேன்!"

"முடியாதும்மா," என்றாள் தினேஸ்வரி ஜன்னல் வழியாக. "இந்தக் கடைக்கு நாங்க வந்ததே இல்ல. புது எடம்."

புஷ்பலதா மனதுக்குள் கணக்குப் போட்டாள். நாளைக் காலை அந்தப் புதுச் சீருடையை அலமாரியின் அடியில் போட்டுவிட வேண்டும். கார்த்திகேசு கேட்டால் பூசாரியைக் கை காட்டிவிடலாம். பூசாரி கமிட்டியைக் கை காட்டுவார். கமிட்டிக்கு வலது எது, இடது எது என்று முடிவாகத் தீபாவளி ஆகிவிடும்.

கைப்பேசி அதிர்ந்தது. கார்த்திகேசு. காதில் வைத்ததுமே பின்னணியில் தனேஸ்வரனின் குரல் கேட்டது.

"புஷ்பா, நம்ம பழைய பேனர் போட்டோ உன் போன்ல இருக்குல்ல? மீசை மறைஞ்சது? உடனே அனுப்பு!"

"தேடிப் பாக்குறேன்ங்க. இங்க லைன் சரியில்ல," என்று சொல்லி அணைத்தாள்.

கடைக்காரச் சீனத்து அக்கா கொய்யாவைத் துண்டு போட்டு, மேலே தூவுவதற்குப் புளிப்பான அசாம் பொடிப் பாக்கெட்டை எடுத்தாள்.

"ஆன்டி!" வேனிலிருந்து யுகேந்திரனின் குரல். மஞ்சள் கயிறு கட்டிய ஒரு கை ஜன்னலுக்கு வெளியே ஆடியது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கை. "அந்தப் பொடி சைவமா?"

புஷ்பலதா கலாதேவியைப் பார்த்தாள். கலாதேவி தோளைக் குலுக்கினாள்.

"கடவுளே," என்று முனகியபடி, புஷ்பலதா அந்தப் பாக்கெட்டை வாங்கி, வெயிலுக்குக் காட்டி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்க ஆரம்பித்தாள்.